பதின்மூன்றாம் சனல்

திங்கட்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வைஃபை என்னுடைய மடிக்கணினியில் மட்டும் வராமல் போனது. முதல் நாள் மின்னலில் பழைய ரூட்டர் எரிந்துவிட, இணைப்புக் கொம்பனிக்காரர் காலையில் வந்து புதியதொன்றைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். என் போன், அண்ணையின் போன், அண்ணையின் மனைவியான மச்சாளின் போன், முன் விறாந்தைத் தொலைக்காட்சி எல்லாம் புதியதோடு உடனே ஒட்டிக்கொண்டன. என் மடிக்கணினியைத் திறந்தால் அயல் வீட்டு வைஃபைகளின் பெயர்கள் மூன்று வந்தன. எங்கள் வீட்டுப் பெயர் வரவில்லை.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கணவரோடான கலியாண வாழ்க்கையை முடித்துக்கொண்டு வல்வெட்டித்துறையில் அண்ணை வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. வீட்டிலிருந்தபடியே ஆஸ்பத்திரிக் கடிதங்களையும் வழக்குப் பத்திரங்களையும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்க்கும் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் என்னைத் திரையில் வைத்து ஒரு மணி நேரம் சோதிப்பதாக இருந்தது. அதற்குக் கணினிதான் வேண்டும், போன் சரிவராது. போன் சிக்னலில் கணினியை இணைக்கலாமென்றால் அதை நம்ப முடியாது. எங்கள் வளவில் அது கிணற்றடியில் மட்டும்தான் ஒழுங்காக எடுக்கும், அதுவும் காற்றடித்தால் போய்விடும். வயரால் இணைக்கலாமென்றால் என் மடிக்கணினியில் அதற்குத் துளையே இல்லை.

அண்ணை முப்பது வருடம் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை செய்தவர். வீட்டுக்குள் வரும் எந்த மெஷினும் அவருடைய பொறுப்பு. இணைப்பு அவர் பெயரில் இருந்தது, ரூட்டர் அவருடைய அறை அலுமாரிக்கு மேலே இருந்தது. அதில் வேறு யாரும் கை வைப்பதில்லை. அன்று பின்னேரம் மடிக்கணினியை அவரிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தார். இஞ்சினைப் பார்ப்பது போல உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். சித்தியின் மகள் அமெரிக்காவில் வாங்கி, பாவித்துவிட்டு எனக்கு அனுப்பியது அது.

"இது முடிஞ்சுது. மற்றதெல்லாம் வேலை செய்யுதெல்லோ? அப்ப பிழை இதிலைதான்" என்றார்.

 வியாழக்கிழமைச் சோதனையைச் சொன்னேன். இதை விட்டால் இன்னொன்று வரும் என்றார். பிறகு, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உனக்கு இஞ்சை என்ன குறை? நீ உழைச்சுத்தான் சாப்பிட வேணுமெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் அந்தத் திரைக்கு முன்னால் இருப்பேன் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நெல்லியடிக்குப் போனேன். கொம்பியூட்டர் கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்தார். உள்ளே வைஃபையைப் பிடிக்கும் காட் செத்துவிட்டது, பழைய சாமான், புதிதாக ஒன்று வாங்குவதுதான் புத்தி என்றார். கடையின் வைஃபையில் ஒருக்கால் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தேவையில்லை என்றார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் போட்டார். உடனே இணைந்தது.

"செத்த காட் எப்பிடி உங்கடை கடையிலை வேலை செய்யுது?" என்று கேட்டேன்.

பழைய சாமான்கள் அப்படித்தான், ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது என்றார். மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் மனம் லேசாக இருந்தது. பிழை இதில் இல்லை என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கொம்பனிக்குப் போன் எடுத்தேன். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் வந்தார். நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதுமே, "அம்மா, வீட்டிலை ஆம்பிளையள் ஆரும் நிண்டா போனைக் குடுங்கோ" என்றார்.

"நிக்கினம். ஆனா பிரச்சினை என்ரை. என்னோடை கதையுங்கோ."

அவரிடமிருந்த ஒரே மருந்து ரூட்டரை நிற்பாட்டித் திரும்பப் போடுவது. அண்ணையிடம் சொன்னேன். அவரே அறைக்குள் போய் நிற்பாட்டிப் போட்டுவிட்டு வந்து, இப்போது சரியா என்பது போல என்னைப் பார்த்தார். சரிவரவில்லை. அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை குசினியில் தேங்காய் துருவி முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, போனில் ஒவ்வொன்றாகத் தேடி வாசித்தேன். பாதி விளங்கவில்லை. விளங்காததைத் திரும்ப வாசித்தேன். வானொலியைப் போல வைஃபைக்கும் சனல்கள் உண்டென்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. சனல்களைக் காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கிப் பார்த்தேன். அயல் வீடுகள் ஒன்றிலும் ஆறிலும் பதினொன்றிலும் நின்றன. எங்களுடைய ரூட்டர் சனம் இல்லாத இடம் தேடிப் போய்ப் பதின்மூன்றில் நின்றது. இன்னும் கொஞ்சம் வாசித்தேன். அமெரிக்காவில் விற்ற பல கணினிகளுக்குப் பதினொன்றுக்கு மேல் எதுவும் கேட்காது.

குசினியில் தனியாக நின்று சிரித்தேன்.

அண்ணை விறாந்தையில், கப்பலில் தன்னோடு வேலை செய்த ஒருவருடன் வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் முக்காலியையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்குள் போனேன். மச்சாள் வாசலில் வந்து நின்றார்.

"அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை."

 அவர் உள்ளே வந்து முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு, "விழுந்து கிழுந்து போகாதையும்" என்றார்.

முக்காலியில் ஏறிப் பார்த்தேன். ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த துண்டில் உள்ளே போவதற்கான பாஸ்வேர்ட் இருந்தது. நான் இறங்கி நிலத்தில் இருந்தேன், மச்சாள் முக்காலியில் இருந்துகொண்டார். போனில் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். சனல் என்ற இடத்தில், ரூட்டர் தானே தெரிவுசெய்யும் என்றிருந்தது. அதை மாற்றி ஆறு என்று போட்டேன். எல்லா இணைப்புகளும் சிறிது நேரம் அறுபடும், சம்மதமா என்று கேட்டது. விறாந்தையில் அண்ணையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சம்மதம் என்று அமத்தினேன்.

சிரிப்பு நின்றது. "ஹலோ, ஹலோ" என்றார். பிறகு செருப்புச் சத்தம் வந்தது.

"ஆர் உதிலை கை வைச்சது?"

"நான்தான்."

"பழுதாக்கினா ஆர் பாக்கிறது?"

"நான் பழுதாக்கினா நானே திருத்துவன். நீங்கள் ஒண்டையும் திறந்து பாக்காமல் முடிஞ்சுதெண்டு சொன்னனீங்கள், அண்ணை."

என் வாழ்க்கையில் அவரோடு அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை.  குரலை நான் தாழ்த்தவில்லை. மச்சாள் முக்காலியை விட்டு எழும்பவும் இல்லை, என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லவும் இல்லை.

ரூட்டரின் பச்சை விளக்குகள் ஒன்றொன்றாக வந்தன. மடியில் கணினியைத் திறந்தேன். பட்டியலில் நான்காவதாக எங்கள் வீட்டுப் பெயர் வந்து நின்றது.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். என்ன செய்தாய் என்று கேட்டார். சனல்களைக் காட்டினேன். அவர் மெஷின் மனிதர், ஒரு தரம் சொன்னதுமே பிடித்துக்கொண்டார். ஆனாலும் போகும்போது, "என்னைக் கேட்டிருக்க வேணும்" என்றார்.

"கேட்டிருந்தா விட்டிருப்பியளோ?"

அவர் விறாந்தைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமைச் சோதனை ஒரு மணி பத்து நிமிடம் நடந்தது. வழக்குப் பத்திரம் ஒன்றில் ஒரு சொல்லைப் பிழையாக மொழிபெயர்த்தேன், உடனே திருத்திக்கொண்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வேலை தந்து கடிதம் அனுப்பினார்கள்.

அண்ணை இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. முன்னரென்றால் இரண்டாம் நாளே தேத்தண்ணியோடு போய் நின்று, பிழை என்னுடையதுதான் என்று சொல்லியிருப்பேன். அந்த வீட்டில் அதைத்தான் நான் கொடுக்கும் வாடகையாக நினைத்து வந்திருந்தேன். இந்தமுறை போகவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. மச்சாள் இரண்டு பேருக்கும் நடுவில் சோற்றுக் கோப்பைகளை வைத்துவிட்டு, மீனின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள், கடற்கரையிலிருந்து விளைமீன் வாங்கி வந்த அண்ணை என் அறை வாசலில் நின்றார்.

"உனக்கு இண்டைக்கு எத்தினை மணிக்கு வேலை முடியும்?"

"மூண்டு மணிக்கு."

"அப்ப மூண்டு மணிக்குச் சாப்பிடுவம்" என்று சொல்லிவிட்டு மீனைக் குசினிக்குக் கொண்டுபோனார்.