நாலு நாய்க்கு ஒரே வால்

போன செவ்வாய்க்கிழமை ஒரு நாய் நாலு பேரைப் பார்த்து வாலாட்டியது. நான் வெலவெலத்துப் போனேன்.

அபிராமபுரத்தில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடி வித்யா, கால்நடை மருத்துவ ஆராய்ச்சி மாணவி. வெறிநோய் எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாள். காட்டு நரி தெருநாயைக் கடித்தால்? தெருநாய் வீட்டு நாயைக் கடித்தால்? எத்தனை நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் நோய் அடங்கும்?

"நம்ம தெருவுல நாய் எண்ணணும் அங்கிள். கூட நடந்து வர்றீங்களா?"

கல்லூரியில் கணிதம் நடத்தியவன் நாய் எண்ணத் தெருவில் நடப்பதா? "நான் பார்த்துக்கிறேம்மா" என்று ஃபோனை எடுத்தேன். நாய்க்குச் சோறு வைக்கும் வீடுகளைக் கேட்டேன். முதல் மாடியில் டைகர் — ஊசி போட்டாச்சு. எதிர் வீட்டில் ப்ரௌனி — போட்டாச்சு. மூலை வீட்டு ராஜா — போட்டாச்சு. என்னிடம் பிஸ்கட் தின்னும் மணி..? யாராவது போட்டிருப்பார்கள். டிக்!

வித்யாவின் திரையில் எங்கள் தெரு பச்சைப் பசேல். நரியே வந்து கடித்தாலும் நோய் இங்கே பரவாதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன் — தெருமுனை அயர்ன் வண்டி ஏகாம்பரம் உட்பட.

செவ்வாய் காலை ஏகாம்பரம் கெண்டைக்காலைக் காட்டினார். பல் பதிந்து ரத்தம்.

"வாலை மிதிச்சிட்டேன் சார், புட்ச்சிக்கிச்சு. உன் மணிதான். ஊசி போட்ட நாய்தானே? ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் பொயப்பு பூடும்."

"பயப்படாதீங்க, நம்ம தெரு நாய்க்கெல்லாம் போட்டாச்சு" என்றேன். ஆம், அப்படியேதான் சொன்னேன். அவரும் நம்பி இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டார்.

அப்போது முதல் மாடி அம்மாள் "டைகர்!" என்றார். மணி ஓடியது. எதிர் வீட்டுக்காரர் "ப்ரௌனி!" என்றார். மணி ஓடியது. மூலை வீட்டில் "ராஜா!" சத்தியமாகச் சொல்கிறேன்... அதற்கும் மணிதான் ஓடியது!

"யார் ஊசி போட்டது?" என்று அலறினேன்.

"நீங்கதானே சார்?" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"மூலை வீட்டுல போட்டாங்கன்னு நினைச்சேனே!" என்றார் முதல் மாடி அம்மாள். மூலை வீட்டுக்காரரோ எதிர் வீட்டைக் கை காட்டினார்.

நாலு நாய், நாலு ஊசி என்று நான் எழுதிக் கொடுத்தது... ஒரு நாய், பூஜ்யம் ஊசி!

சத்தம் கேட்டு வித்யா இறங்கி ஓடிவந்தாள். என்னைத் திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை. குழாயடியில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவ வைத்தாள். "ஊசி போட்ட நாய் கடிச்சாலும் டாக்டர்கிட்ட போகணும் அங்கிள். இந்த நோய் வந்துட்டா காப்பாத்தவே முடியாது."

அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் பறந்தோம். வழியிலேயே ஏகாம்பரத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"இன்னா சார் நீ! நாலு வூட்டு சோத்தையும் ஒரே நாய் துன்னுகினு கீது. என்னைக் கேட்டா சொல்லிருப்பேனே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு அழுதேன். என் வாய்ச்சொல்லை நம்பி ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்திருந்தாரே!

இதுவரை இரண்டு ஊசி போட்டாயிற்று. மீதிக்கும் தேதி தவறாமல் நானே அழைத்துப் போவேன். மணியும் சௌக்கியம், நோய் அறிகுறி ஏதும் தெரிகிறதா என்று வித்யா தினமும் கவனிக்கிறாள்.

கணக்கெடுப்பு மறுபடி தொடங்கியிருக்கிறது. தெருத் தெருவாக முன்னால் நடப்பவர் ஏகாம்பரம். நோட்டும் பேனாவுமாய்ப் பின்னால் நான்.

"சார், நீ எண்ணாத. நான் சொல்றதை எழுது" என்கிறார்.

எழுதுகிறேன்.