கீறல் விழுந்த பாட்டு

ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் நீங்கள் ஓடிவந்து, "அப்பா, உங்க பாட்டு!" என்று சத்தத்தைக் கூட்டி வைக்கிறீர்கள். நானும் உட்கார்ந்து கேட்கிறேன், பாதியில் எழுந்து போய்விடுகிறேன். பிடிக்கவில்லையா என்று சின்னவள் கேட்டாள். பிடிக்கும். ஆனால் ரேடியோவில் ரொம்பச் சுத்தமாக வருகிறது. என் பாட்டு அப்படி இருக்காது. இதை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு விவரம் தெரிவதற்குள் அம்மா போய்விட்டாள். என்னை வளர்த்தது அக்கா, உங்கள் அத்தை. ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ் போட்டிருந்தார்கள். டிக்கெட் கொடுப்பதற்கு முன்னால் ஒலிபெருக்கிக் குழாயில் பாட்டுப் போடுவார்கள். படத்துக்கு அப்பா விடமாட்டார். பாட்டு மட்டும் எங்கள் அடுப்படி வரைக்கும் வரும். இந்தப் பாட்டு வந்தால் அக்கா கைவேலையை அப்படியே வைத்துவிடுவாள்.

"அக்கா, யாரு பாடுறது?"

"ஒரு பொம்பள. தண்ணி எறைக்கப் போன எடத்துல வாளியக் கிணத்துல விட்டுட்டா. ஊர்ச்சனம் அம்புட்டும் சந்தைக்குப் போயிருச்சு. யாரு காதுலயாச்சும் விழுகட்டும்னு பாடுறா."

"யாராச்சும் வந்தாங்களா?"

"செத்த நேரம் சும்மா இருலே. பாட்டு முடியட்டும்."

பாட்டு முடிந்துவிடும். அக்கா மேற்கொண்டு சொல்ல மாட்டாள்.

ரொம்ப காலம் கழித்து நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு ராணி ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பாடுகிறாள், சுற்றிலும் தோழிகள். கிணறும் இல்லை, வாளியும் இல்லை. எனக்கு மேலே பார்க்கப் பிடிக்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

அக்காவை நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவருக்குக் கொடுத்தோம். முதல் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அது நான். சீர்த்தட்டோடு நானும் அப்பாவும் கிளம்பினோம். வழியில் பஸ் நின்றுவிட்டது. வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தால், நல்ல நேரம் தப்பிவிடும் என்று மச்சான் தன் சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை வைத்துக் காரியத்தை முடித்திருந்தார். அப்பா பந்தலுக்குள் கால் வைக்கவில்லை. தட்டோடு திரும்பிவிட்டார். "மாமன் உசுரோட இருக்கையில எவன் மடிய்யா அது?" என்று வாசலில் நின்று கத்தியதுதான் கடைசிப் பேச்சு. அக்கா கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். அன்றோடு போக்குவரத்து இல்லை.

அப்புறம் நான் திண்டுக்கல்லில் ஒரு மைக்செட் கடையில் சேர்ந்தேன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் போவேன். அது ஒரு மாதிரியான வேலை. ஊர் முழுக்க உங்கள் சத்தம் கேட்கும், உங்களை யாருக்கும் தெரியாது. உறவுக்காரர்கள் பந்தலில் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். நான் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் பெட்டியும் பேட்டரியுமாக உட்கார்ந்திருப்பேன். எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு யாருக்காவது ஞாபகம் வந்தால், "ஏப்பா, மைக்செட்டு சாப்பிட்டானா?" என்பார்கள். எனக்குப் பேர் அதுதான்.

இசைத்தட்டை நாங்கள் பிளேட்டு என்போம். அந்தப் பாட்டுப் பிளேட்டை மட்டும் என் கைக்காசில் வாங்கி வைத்திருந்தேன். ஒரு தடவை வண்டி குலுங்கியதில் நடுவில் கீறல் விழுந்தது. அந்த இடம் வந்தால் ஊசி சிக்கிக்கொண்டு சொன்னதையே சொல்லும். விரலால் தட்டிவிட்டால்தான் மேலே போகும்.

நிலக்கோட்டைப் பக்கம் வேலை வந்தால் இரண்டு குழாயில் ஒன்றை விருந்தாட்கள் வரும் ரோட்டைப் பார்த்துக் கட்டுவேன். மற்றதை அக்கா ஊர் இருக்கும் திசையில் கட்டுவேன். விடியற்காலையில் சாமி பாட்டு முடிந்ததும் இந்தப் பிளேட்டைப் போடுவேன். அது மொட்டுப் பறிக்கிற நேரம், அக்கா தோட்டத்தில்தான் நிற்பாள். கேட்கிறதா, கேட்டாலும் நான்தான் என்று தெரிகிறதா? யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு கல்யாண வீட்டுப் பெரியவர் சத்தம் போட்டார். "அந்தப் பக்கம் எவன்லே இருக்கான்? கம்மாயில கெடக்குற கொக்குக்கா பாட்டு வைக்கிற? அதுவும் நல்ல வீட்டுல இழுவப் பாட்டு!"

"காத்து அப்பிடி இருக்குய்யா" என்றேன்.

அங்கே அடுத்த ஊரிலிருந்து பூ கொண்டுவந்திருந்த ஒரு பெண் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "கொக்கு மட்டுமில்ல, நாங்களும் கேக்குறோம்ல" என்று சிரித்தாள். "எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரி இருக்காளே, இந்தப் பாட்டு வந்துட்டா மடியில மொட்டோட அப்பிடியே நின்னுருவா. கிணத்துல வாளிய விட்டுட்டு ஒரு பொம்பள பாடுறாளாம். அவதான் கத சொன்னா."

அந்தக் கதை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் இன்னார் என்று சொன்னால் அது மச்சான் காதுக்குப் போகும், அக்காவுக்குத்தான் கஷ்டம். அதனால், "கீறல் விழுந்த பிளேட்டு. அடுத்த தடவை புதுசு வாங்கிப் போடுறேன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றேன். இதை எதற்குச் சொல்லச் சொல்கிறான் என்று அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

சொன்னபடி புதுப் பிளேட்டு வாங்கினேன். அடுத்த முகூர்த்தத்துக்கு அதே பக்கம் போனபோது இரண்டும் பெட்டியில் இருந்தன. இருட்டுப் பிரியும் நேரம், பூக்கூடையோடு அதே பெண் நேராகக் கொட்டகைக்கு வந்தாள்.

"ஏப்பா மைக்செட்டு, அவட்டச் சொன்னேன். புதுசு வேணாமாம். பழசையே போடணுமாம். அந்த எடத்துல சிக்கி நின்னாத்தான் உன் பிளேட்டுன்னு தெரியுமாம். இது என்னப்பா கூத்து?"

நான் பழைய பிளேட்டை எடுத்துத் துடைத்து ஓடவிட்டேன். கீறல் வந்தது, ஊசி சிக்கியது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது. விரலைப் பக்கத்தில் கொண்டுபோனவன் தட்டிவிடவில்லை. கண்மாய்க்கு அந்தப் பக்கம், அக்கா தோட்டம் இருக்கும் திசையில், இன்னும் வெளிச்சம் வரவில்லை.

பந்தலிலிருந்து யாரோ கத்தினார்கள்: "ஏலே மைக்செட்டு, தூங்கிட்டியா?"