மழைக்கு எழும்பாத மச்சாள்

சத்திரசிகிச்சை முடிந்து வந்த மச்சாளின் இடுப்பில் சின்னப் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று தொங்கியது. மார்பை எடுத்த இடத்தில் ஊறும் நீர் குழாய் வழியாக அதற்குள் இறங்கும். பழைய சீத்தைத் துணியில் பை தைத்து அதைப் போட்டுக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடம், "இவன்தான் என்ர கடைக்குட்டி. அழமாட்டான், நெடுக ஒழுகுவான்" என்று அறிமுகம் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பெண் என்றால் பிள்ளை பெற்றவள் என்றே எங்கள் பெண்களுக்குப் பழக்கம். பிள்ளை பெற்றவளுக்குக் குடுக்கிற சரக்குக்கறியோடு, ஆளுக்கொரு சட்டியாக வந்துவிட்டார்கள்.

அவர் என் அண்ணனின் மனைவி. போரில் இடம்பெயர்ந்து அலைந்து, எங்கள் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டுக்குத் திரும்பித் தகரக் கொட்டில்களில் நாங்கள் குடியிருந்த காலம் அது. மச்சாள் கருவாடு போடுகிறவர். உடம்பு பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. "கடல் தந்ததை மழைக்குக் குடுக்கக்கூடாது" என்பது அவருடைய வேதம். வானம் கறுத்தால் சாப்பிட்ட கோப்பையை வைத்துவிட்டு ஓடுவார். குழாயைக் கழற்றி வந்த கிழமையும் அப்படித்தான் ஓடி, காயப்போட்ட கருவாட்டைப் பாய் பாயாகக் கொட்டிலுக்குள் இழுத்தார். பிறகு கமக்கட்டுக்குக் கீழே நீர் கட்டியது, தொட்டால் தளும்பியது.

கிளினிக்கில் ஊசியால் நீரை இழுத்தெடுத்தார்கள். காயம் ஆறினால்தான் புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கலாம், அது பிந்தக்கூடாது என்றார்கள். மச்சாளின் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் கண்டது அன்றுதான்.

"ஏன் மிஸ்ஸி எனக்கு மட்டும்?"

தாதி பொறுமையாகச் சொன்னார்: "உடம்பு கனத்தவைக்கு, பிரஷர் உள்ளவைக்கு, கமக்கட்டில நெறிக்கட்டி கனக்க எடுத்தவைக்கு, போத்தலில நீர் கூட வந்தவைக்கு இது வாறது கூட, அக்கா. அதோட ஆற முந்திப் பாரமும் இழுத்தால் சொல்லவே வேணும்?"

"ஒண்டையும் நான் மிச்சம் விடேல்லை" என்றார் மச்சாள். சிரிப்புத் திரும்பிவிட்டது.

தாதி பழக்கிய சின்னக் கைப்பயிற்சி மட்டும் செய்யலாம். வேறொன்றும் கூடாது. கொட்டிலுக்குள் வைத்தால் நிற்கமாட்டார் என்று தெரிந்து, கடற்கரையிலேயே கதிரை போட்டு இருத்தினோம். கைக்கு ஓய்வு, வாய்க்கு முழுநேர வேலை. "புரட்டடி அந்த மீனை! முதுகு கருகுது!"

ஒருநாள் மத்தியானம் முகில் திரண்டது. ஆண்கள் கடலில். பாய்கள் கனக்க, நாங்கள் நாலைந்து பெண்கள்தான். மச்சாள் எழும்பிவிட்டார்.

"இருங்கோ மச்சாள்!" என்று கத்தினேன்.

"கருவாடு போகுதடி!"

"போகட்டும்! கடல் நாளைக்கும் தரும். உங்களை ஆர் திருப்பித் தருவினம்?"

அவர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். தலையில் மழை விழ, கண்முன்னே பாதிக் கருவாடு நனைய, உதட்டைக் கடித்தபடி அசையாமல் இருந்தார். பதுங்குகுழியிலும் முகாமிலும் அவருடைய துணிவைக் கண்டவள் நான். ஆனாலும் அந்தக் கதிரையில் இருந்ததைத்தான் அவருடைய பெரிய வீரம் என்று இன்றும் சொல்வேன்.

அடுத்த கிளினிக் நாளில் நீர் கட்டியிருக்கவில்லை. பஸ் வரும் நேரம் பெண்களெல்லாம் வீதிக்கு வந்துவிட்டார்கள். மச்சாள் படியில் நின்றே கூவினார்: "மருந்து ஏத்தத் திகதி தந்திட்டினம்!"

யாரோ பெருநாளுக்கு வைத்திருந்த சீனவெடிக் கட்டைக் கொளுத்தி எறிந்தார்கள். படபடவென்று ஊரே அதிர்ந்தது. சில வருடங்களுக்கு முன்னென்றால் அந்தச் சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் நிலத்தோடு நிலமாகப் படுத்திருப்போம். அன்று ஒருவரும் குனியவில்லை.

"இன்னும் கிடந்தால் கொண்டாங்கோடி!" என்றார் மச்சாள்.