நிரம்பி வந்த கான்கள்

புதுப் பிளாஸ்டிக் கானைத் திறந்தால் ஒரு மணம் வருமே... அது எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்கு வன்னியில் உடையார்கட்டு ஊர் ஞாபகம்தான் வரும்.

ஸ்கூட்டியின் முன்னால் இரண்டு, பின்னால் கட்டியது நான்கு. எல்லாம் ஐந்து லீற்றர் கான்கள். ஒழுங்கை முழுக்கப் புழுதி. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதெல்லாம் கான்கள் கடகடவென்று இடிபடும். பார்க்கிறவர்கள் நான் தேங்காயெண்ணெய் விற்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நான் கொண்டு திரிந்தது சிறுநீர் சேர்க்கிற கான்!

கம்பஸ் முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை அது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் எங்கள் பக்கத்து டொக்டர்மாரும் சேர்ந்து செய்த இரத்த அழுத்த ஆராய்ச்சி. எங்கள் சனம் ஒரு நாளைக்கு எவ்வளவு உப்புச் சாப்பிடுகிறது என்று அறிய வேண்டும். சாப்பிட்ட உப்பு சிறுநீரோடுதான் வெளியே வரும். அதனால் ஒருவரின் ஒரு நாள் சிறுநீர் முழுவதும் தேவை. வேலையோடு பயிற்சியும் உண்டு. புதன்கிழமைதோறும் பேராசிரியை ஒருவர் கணினித் திரையில் வந்து படிப்பிப்பார். நாங்கள் ஒழுங்காகச் செய்து காட்டினால் ஆய்வுகூடத்தையே கிளிநொச்சியில் அமைப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் சுற்றில் கான்கள் நிரம்பி வந்தன. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கள் சனத்தைப் போல ஒத்துழைக்கிற சனம் உண்டா என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை பேராசிரியை சிரிக்கவில்லை. ஒரு ஆள் ஒரு நாளில் இவ்வளவு போக முடியாது, இந்த அளவுகளை நம்ப முடியவில்லை என்றார். அடுத்த சுற்றும் இப்படி வந்தால் ஆராய்ச்சியை வேறு மாவட்டத்துக்கு மாற்ற வேண்டிவரும் என்றும் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை... வீம்புதான் வந்தது. இரண்டு கிழமை தாருங்கள் என்று தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். வன்னிக்கு இப்படி ஒன்று வருவதே அரிது. வந்ததை என் கையால் திருப்பி அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தேன்.

நேரே பரமேஸ் அக்கா வீட்டுக்குப் போனேன். தோட்டம் செய்கிற மனுசி. அவருடைய கான்தான் கழுத்துவரை நிரம்பி வந்திருந்தது.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. இது முழுக்க நீங்கள் போன சலம்தானோ?"

அக்கா சிரித்துக்கொண்டே வாயைப் பொத்தினார்.

"நீர் இந்த வெயிலுக்குள்ள வந்து தந்திட்டுப் போறீர்... அரைகுறையாத் திருப்பித் தர எனக்கு ஒரு மாதிரிக் கிடந்தது பிள்ளை. அதுதான் இவரையும் பிள்ளையளையும் அதுக்குள்ளயே போகச் சொன்னனான்."

அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அதுதானே வழக்கம்? பக்கத்து வீட்டுக் கிண்ணம் திரும்பிப் போகும்போது அம்மா சீனியாவது போட்டுத்தான் அனுப்புவா. வெறும் பாத்திரத்தை யாரும் கொடுப்பதில்லை. இது பேராசிரியைக்கு எப்படித் தெரியும்? இங்கே பிறந்த நான் அல்லவா யோசித்திருக்க வேண்டும்! வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே எனக்கும் ஒரு கான் எடுத்தேன். அடுத்த நாள் முழுக்க அதில் சேர்த்தேன். விடிய அதை ஸ்கூட்டியில் வைக்க, அம்மா தலையில் கைவைத்தா.

"ஒரு குமர்ப்பிள்ளை காவிக்கொண்டு திரியிற சாமானோடி இது?"

நான் நிற்கவில்லை. வீடு வீடாகப் போய்த் தூக்கிக் காட்டினேன். "இது என்ர. ஒரு நாளைக்கு இவ்வளவுதான். அரைவாசியும் இல்லைப் பாருங்கோ. உங்களுக்கும் இப்பிடித்தான் வரும். கான் நிரம்பத் தேவையில்லை."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "கம்பஸ் படிச்ச பிள்ளைக்கே இவ்வளவுதானோ!" என்றார் பரமேஸ் அக்கா. சிரித்தாலும் ஒருவரும் மறக்கவில்லை. இரண்டாம் சுற்றுக் கான்கள் எல்லாம் குறைவாகவே வந்தன. அளவுகளும் சரியாக இருந்தன.

என்ன செய்தீர்கள் என்று பேராசிரியை கேட்டார். சொன்னேன். அடுத்த புதன்கிழமை இதே ஆராய்ச்சியைச் செய்கிற மற்ற நாட்டுக் குழுக்களுக்கு நீங்களே பாடம் எடுங்கள் என்றார்.

ம்ம்... காலம் ஓடிவிட்டது. அப்போது எங்கள் சிறுநீர் மாதிரிகள் ஐஸ் பெட்டிக்குள் கொழும்புக்குப் போகும். இப்போது கிளிநொச்சி ஆய்வுகூடத்திலேயே பார்க்கிறோம். வெளிநாட்டு மாணவர்கள் எங்களிடம் பழக வருகிறார்கள். முதல் நாளே ஆளுக்கொரு கான் கொடுத்து, நாளைக்கு உங்களுடையதைக் கொண்டு வாருங்கள் என்பேன். முகம் சிவந்துபோகும், பாவங்கள். ஸ்கூட்டி போய் வான் வந்துவிட்டது. அந்தக் கடகட சத்தத்தைத்தான் சில நேரம் மனம் தேடுகிறது...

போன மாதம் மறுபரிசோதனைக்குப் பரமேஸ் அக்கா வீட்டுக்குப் போனேன். தலை நரைத்துவிட்டது. கானைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அரைவாசிக்கும் கீழேதான் இருந்தது.

"குறைவுதான் பிள்ளை. ஆனா முழுக்க என்ர."

சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு கட்டு முருங்கைக்காயோடு திரும்பி வந்தார்.

"இதையும் கொண்டு போம். கான் நிரம்பேல்லை எல்லோ..."