கூப்பிட்டால் மட்டும் வரவேண்டிய கத்தி

இக்கத்தியைப் பற்றி எங்கள் உறவினரிடையே வழங்கும் கதைகளில் பெரும்பாலானவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. வடமதுரையில் இருக்கும் என் கணவரின் பெரியப்பா வீட்டார், அது ஒரு சிறுத்தையைக் கொன்றதாகச் சொல்கிறார்கள். வேடசந்தூர் உறவினரிடம் அச்சிறுத்தை கரடியாகிவிட்டது. என் கணவரே நேரில் மறுத்தும் பயனில்லை. மறுப்பை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்; கரடி மேலும் பருத்தது. ஆகவே நான் ஒரு வரையறை வகுத்துக்கொண்டேன். என் கண்ணால் கண்டவை எழுதப்படும். தம்முள் ஒத்துப்போகும் வழக்கமில்லாத இருவர் ஒன்றுபோலச் சொன்னவையும் எழுதப்படும். என் மாமியாரும் என் கணவரும் ஒரு செய்தியில் ஒத்துப்போனால், அதை உண்மையெனக் கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. அவ்வாறு அவர்கள் ஒத்துப்போனவை குறைவு.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குத் திருமணமாகி அதிக காலம் ஆகவில்லை. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியேற்றிருந்தேன். என் கணவர் படைவீரர். விடுப்பில்தான் வீட்டுக்கு வருவார். அம்முறை வந்தவர், பெட்டியை இறக்கியதும் இடுப்புவாரிலிருந்து ஒரு வெற்றுத் தோலுறையைக் கழற்றி என் மாமியார்முன் வைத்தார்.

“என்னடா இது, பாம்புச் சட்டை கணக்கா?”

“கத்தி உறைம்மா. கத்தி விழுந்துபோச்சு. லீவு முடியுறதுக்குள்ள நல்லதா ஒண்ணு செஞ்சுக்கிட்டுப் போகணும். இந்தத் தடவை பனிமலைக்குப் போறோம்.”

படையிலேயே ஒரு மடக்குக் கத்தி கொடுப்பார்களாம். ஆனால் மடக்குக் கத்தியின் கீலில் மண் புகுந்தால் அது விரியாது. விரித்துக் கட்டை பிளந்தால் கீல் ஆடிவிடும். அதனால் மடங்காத கத்தி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வது அவர் பிரிவில் வழக்கமாம். இது ஒருவர் மட்டுமே சொன்ன செய்தி. ஆயினும் இதை விலக்கினால் கட்டுரை இங்கேயே நின்றுவிடும் என்பதால் விதியைச் சற்றுத் தளர்த்துகிறேன்.

கத்தி விழுந்த கதையை என்னிடம் மட்டும் சொன்னார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். பயிற்சியின்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். முன்னால் சென்ற தோழரின் மூட்டைவார் கயிற்றில் சுற்றிக்கொண்டது. நீர் அவரைக் கீழே இழுத்தது. வாரை அறுக்கக்கூடிய தொலைவில் இருந்தவர் என் கணவர் ஒருவரே. கையை இடுப்புக்குக் கொண்டுபோனார். உறை வெறுமையாக இருந்தது. நனைந்த தோல் வாய்பிளந்து, கத்தி எப்போதோ ஆற்றோடு போயிருந்தது. கரையிலிருந்து வேறொருவர் பாய்ந்து வந்து அறுத்துவிட்டார். தோழர் பிழைத்துக்கொண்டார்; மறுநாள் என் கணவரின் தோளில் கைபோட்டுச் சிரித்துப் பேசினார். அந்தச் சிரிப்பைத்தான் இவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அன்று சாப்பிடும்போது தமக்கு வேண்டிய கத்தியின் இலக்கணத்தை அவர் சுருக்கமாகக் கூறினார்.

“கூப்பிட்டா வரணும். கூப்பிடாட்டி இருந்த எடத்துல இருக்கணும். அம்புட்டுத்தான்.”

“அப்படி ஒரு மருமகளையே இந்த ஊருல நான் பாக்கல,” என்றார் என் மாமியார். “கத்தி எங்கிட்டுக் கிடைக்கும்?”

நான் தொடுகறிக் கிண்ணத்தைச் சற்று ஓசையுடன் வைத்தேன்.

முதலில் கடைத்தெருவுக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து வைத்தார். அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. என் கணவர் பிடியைத் தட்டிக் கேட்டார். ஆணிகளின் இடைவெளியை விரலால் அளந்தார். அலகின் இரும்பு பிடிக்குள் பாதித் தொலைவிலேயே நின்றுவிடுகிறது என்றார். அத்தகைய கத்தியால் காய் நறுக்கலாம். கட்டை பிளந்தால் பிடி ஒரு பக்கமும் அலகு ஒரு பக்கமும் போய்விடும். அதற்குமேல் இந்த மினுமினுப்பு வேறு. வெயில் பட்டால் அடுத்த மலையில் இருப்பவனுக்கும் நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

“மின்னாத கத்திய யாரு தம்பி வாங்குவா?” என்றார் கடைக்காரர்.

“நாந்தேன்.”

“அப்ப துருப்பிடிச்சது உள்ள கெடக்கு, எடுத்தாரவா?”

அங்கிருந்து கொல்லரிடம் போனோம். பழைய லாரியின் அடியில் கிடக்கும் வில்பட்டையை வாங்கி அடித்தால், அந்த இரும்பு எளிதில் மழுங்காது, ஒடியவும் ஒடியாது என்று இருவருமே ஒப்புக்கொண்டார்கள். அலகும் பிடிக்குள் செல்லும் பகுதியும் ஒரே துண்டாக, பிடியின் கடைசிவரை செல்ல வேண்டும். இரு புறமும் கருவேலங்கட்டை வைத்துப் பித்தளை ஆணி அடிக்க வேண்டும். நீளம் ஒரு சாணுக்குமேல் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் கொல்லர் தலையசைத்தார். ஆனால் பிறந்தது முதல் அரிவாளே அடித்துப் பழகிய கை அது. நாங்கள் திரும்பிப் போனபோது, கத்தி இடுப்பை வளைத்துக்கொண்டு நின்றது.

“நேரா வேணும்னு சொன்னேனேண்ணே.”

“நேராத்தான் தம்பி அடிச்சேன். அது வளைஞ்சுக்கிருச்சு.”

மறுமுறை என் கணவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார். கத்தி நேராகவே வந்தது. கருத்த நிறம்; தடித்த முதுகு; கையில் எடுத்தால் கனம் விரல்களுக்கு அருகிலேயே நின்றது. வீட்டில் அதற்கான தேர்வை என் மாமியார் நடத்தினார். விறகைச் சிம்பாகப் பிளந்தார். தேங்காயை ஒரே தட்டில் உடைத்தார். ஆட்டு விலாவை வெட்டிவிட்டு உடனே முருங்கைக்காயை நறுக்கினார். அலகு மழுங்கவில்லை. அரிவாள்மணை சுவரோரம் போய்ச் சாய்ந்தது.

“இது இங்கயே இருக்கட்டும்டா. நீ போயி வேற செஞ்சுக்க.”

“அம்மா, நான் போறது சண்டைக்கு.”

“எனக்கு மட்டும் இங்க என்ன?”

தோலுறையைப் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தைப்பவர் செய்து கொடுத்தார். தடித்த எருமைத்தோல்; அலகின் விளிம்பு தையல்நூலை அறுக்காதபடி இரு மடிப்புக்கும் இடையே மற்றொரு தோற்பட்டையை வைத்துத் தைத்திருந்தார். குறை சொல்ல இடமில்லை. “ஆனா தோலு தண்ணில ஊறுந்தான் தம்பி. மேல ஒரு வாரு போட்டுப் பொத்தான் வச்சுக்கிருங்க,” என்றார். ஆற்றோடு போன கத்தியின் உறையிலும் பொத்தான் இருந்தது. எனவே என் கணவர் அந்த உறையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு, தம்மோடு பள்ளியில் படித்தவரும் பூட்டுப் பட்டறை வைத்திருப்பவருமான நண்பரிடம் போனார். கத்தி தானாக விழக் கூடாது, வழி செய் என்று கேட்டிருக்கிறார். இவ்வூரில் ஒரு பூட்டுக்காரரிடம் சொல்லக்கூடிய மிக ஆபத்தான சொற்கள் அவை என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பரே உறையைக் கொண்டுவந்தார். அதன் வாயில் ஒரு பித்தளைக் கூடு. கூட்டின்மேல் பூவேலையோடு மூன்று ஆணிகள். கத்தியைச் செருகினார். ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்டது.

“உள்ள நாக்கு வச்சிருக்கேன் மாப்ளே. இனி எமன் வந்து இழுத்தாலும் வராது.”

“நான் இழுத்தா?”

“நீ என்ன எமனைவிடப் பெரிய ஆளா?”

என் கணவர் உறையை இடுப்பில் கட்டிக்கொண்டு முற்றத்தில் ஓடினார், குதித்தார், மார்பால் ஊர்ந்தார். பிறகு வேப்பமரக் கிளையில் தலைகீழாகத் தொங்கினார். கத்தி அசையவில்லை.

“இப்படித் தொங்கத்தான் சர்க்காரு சம்பளம் குடுக்குதா?” என்றார் என் மாமியார். “எறங்குடா, தெருவே பாக்குது.”

அடுத்து உறையை மாட்டுத்தொட்டி நீரில் அமிழ்த்தி, நெடுநேரம் ஊறவிட்டு எடுத்தார். கத்தி அப்போதும் அசையவில்லை. நண்பர் மீசையைத் தடவிக்கொண்டார். எடுக்கும் முறையை அதன்பின்தான் விளக்கினார்: நடு ஆணியை அழுத்த வேண்டும்; அழுத்தியபடியே இடது ஆணியை மேலே தள்ள வேண்டும்; பிறகு கத்தியைச் சிறிது உள்ளே செலுத்தி, அதன்பின் வெளியே இழுக்க வேண்டும். தெரியாதவன் கையில் அகப்பட்டால் திறக்கவே திறக்காது. சொல்லிக்கொண்டே திறந்து காட்ட முயன்றார். அது அவருக்கும் திறக்கவில்லை. ஊறிய தோல் பருத்துக் கூட்டை நெரித்திருந்தது.

“தண்ணில யாருடா முக்கச் சொன்னது?”

“ஆத்துல எறங்குனா நனையாதாடா?”

“பூட்டக் கொண்டுபோயி ஆத்துல எறக்குறவன் ஒலகத்துலயே நீ ஒருத்தந்தேன்!”

சமையலறையிலிருந்து என் மாமியாரின் குரல் வந்தது. “அப்பு, எலும்பு வெட்டாமக் கெடக்கு. கத்தியத் தொறந்து குடு.”

“செத்த நேரம் அத்தை,” என்றார் நண்பர்.

அந்தச் செத்த நேரத்தில் குழம்பு கொதித்து அடங்கிவிட்டது. நண்பர் வியர்த்து வழிந்தார். இறுதியில் உளியை வைத்துத் தம் வேலையைத் தாமே உடைத்தார். கத்தி வெளியே வந்தது. அவர் முகத்தில் வருத்தத்தைவிடப் பெருமையே மிகுந்திருந்தது என்பதை நான் கண்ணால் கண்டேன். செய்தவனாலேயே திறக்க முடியாத பூட்டு! கள்ளச்சாவி நுழைத்தால் அச்சாவியையே கவ்விப் பிடித்துக்கொள்ளும் பூட்டுகளைச் செய்து பெயர்பெற்ற பட்டறை அவருடையது. அவர் அறிந்த அறம் அது; திறப்பது பிறன் வேலை.

“தொறக்கக் கூடாதுன்ன, செஞ்சேன்,” என்றார்.

“விழுகக் கூடாதுன்னுதான்டா சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான மாப்ளே?”

அப்போதுதான் என் கணவர் ஆற்றில் நடந்ததைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கயிறு, மூட்டைவார், வெற்று உறை, மறுநாள் அந்தச் சிரிப்பு, எல்லாவற்றையும் அப்படியே சொன்னார். சொல்லி முடித்துத் திரும்பியபோது, என் மாமியார் கரண்டியோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். நண்பர் உடைந்த பித்தளைத் துண்டுகளைப் பொறுக்கித் தோள்துண்டில் கட்டினார்.

“அப்ப சாவி வேணாம், சூட்சுமம் வேணாம். கட்டைவெரல் பட்டா வந்துரணும். அப்படித்தான?”

“அப்படித்தான்.”

“அதுக்குப் பேரு பூட்டே இல்ல மாப்ளே.”

“பூட்டா இருக்க வேணாம்டா.”

“சரி. செஞ்சு தாரேன். ஆனா எம் பட்டறை முத்திரைய அதுல குத்த மாட்டேன். பாக்குறவன் என்னையச் சிரிப்பான்.”

விடுப்பு முடிந்து அவர் புறப்பட வேண்டிய நாளன்று உறை வந்தது. பூவேலை போயிருந்தது. நனைந்தால் தோல் நெரிக்காதபடி பித்தளைக் கூட்டைத் தோலுக்கு வெளியே எடுத்துக் கட்டியிருந்தார். சுருள்வில்லொன்றின் மேல் ஒரே ஒரு நாக்கு. அதைத் தள்ள வெளியே ஒரு சிறு மேடு. பெட்டி கட்டியாகிவிட்டது. ஆனால் என் மாமியார் அதைத் தெருவுக்கு இறக்க விடவில்லை.

உறையைக் கத்தியோடு தொட்டி நீரில் ஊறப் போட்டார். எடுத்து மகன் இடுப்பில் கட்டச் சொன்னார். மகனின் இடக்கையைப் பின்னால் மடக்கித் துண்டால் கட்டினார். வலக்கை நிறைய விளக்கெண்ணெயைப் பூசினார்.

“கண்ண மூடு.”

“அம்மா, வண்டிக்கு நேரமாகுது.”

“ஒத்தக் கைதான இருந்துச்சு அன்னிக்கு? மூடுடா.”

அவர் கண்ணை மூடினார். கட்டைவிரல் மேட்டைத் தேடியது, தள்ளியது. கத்தி வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது. “திரும்ப,” என்றார் என் மாமியார். மீண்டும் வந்தது. குனிந்து எடுக்கச் சொன்னார். தரையில் படுத்து எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் வந்தது. நண்பர் தலைவாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தேர்வு எழுதும் மாணவியின் முகம்தான் அவருக்கு. அத்தகைய முகங்களை நன்கு அறிந்தவள் நான்.

மகன் நீட்டிய கத்தியை என் மாமியார் வாங்கவில்லை. “கீழ வை. கைக்குக் கை வாங்க மாட்டேன்,” என்றார். தரையில் வைத்ததைத் தாமே எடுத்து, முந்தானையால் எண்ணெயைத் துடைத்து, உறையில் செருகினார். ‘டக்’ என்ற ஒலி கேட்கும்வரை காதை அருகில் வைத்திருந்தார்.

“போயிட்டு வா,” என்றார். அதை மகனிடம் சொன்னாரா, கத்தியிடம் சொன்னாரா என்பதை நான் உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை.

அடுத்த விடுப்பில் அவர் வந்து சேர்ந்த வேளையில் நான் பள்ளியில் இருந்தேன். மாலையில் வீடு திரும்பியபோது, அரிவாள்மணை மறுபடியும் சுவரோரம் சாய்ந்திருந்தது. அடுப்படியில் தேங்காய் ஓடுகள் கிடந்தன. உறை கூடத்தில் ஆணியில் தொங்கியது. பித்தளை மேடு தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. செய்தி கேட்டு நண்பரும் வந்துவிட்டார், நலம்கூடக் கேட்கவில்லை.

“தானா எப்பவாச்சும் விழுந்துச்சா மாப்ளே?”

“இல்லடா.”

“கூப்பிட்டப்ப?”

என் கணவர் உறையை எடுத்து அவர் மடியில் வைத்தார். “வந்துச்சு,” என்றார்.

நண்பர் இடுப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார். அதில் அவர் பட்டறை முத்திரை இருந்தது. அம்மிக்கல்லின்மேல் பித்தளைக் கூட்டை வைத்து ஒரே அடி அடித்தார். “என்னவோ, இதுவும் ஒரு பூட்டுன்னு வச்சுக்கிருவோம்,” என்றார்.

இனி, தெரியாதவை. கத்தியின் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு முறிவு இருக்கிறது. அம்மா தேங்காய் உடைத்ததில் விழுந்தது என்பார் என் கணவர். நான் எடுக்கும்போதே இருந்தது என்பார் என் மாமியார். இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆகவே என் விதிப்படி அதன் காரணத்தை என்னால் எழுத இயலாது. அக்கத்தி மலையில் எத்தனை முறை அழைக்கப்பட்டது, எதை அறுத்தது, யாருக்காக அறுத்தது என்பதும் எனக்குத் தெரியாது. நான் கேட்டதுண்டு. “வந்துச்சு” என்பதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.