அத்தையின் சீப்பைப் புதைத்த குழி

எங்கள் ஊரில் அப்போது குப்பை என்று ஒன்றே கிடையாது. சாம்பல் பாத்திரம் துலக்கப் போகும். கழுநீர் மாட்டுக்குப் போகும். கிழிந்த புடவை தூளியாகி, கரித்துணியாகி, கடைசியில் எருக்குழிக்குப் போகும். காஞ்சிபுரத்தில் புடவை வாங்கும்போது வரும் பிளாஸ்டிக் கவரைக்கூட அம்மா கழுவிக் காயவைத்து ஆணியில் மாட்டிவைப்பாள். மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளலாமே. அதைப் போட்டுக்கொண்டு நான் தெருவில் ராணி மாதிரி நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

இப்படிப்பட்ட ஊருக்கு வந்துதான் புது பால்வாடி டீச்சரம்மா குப்பையைப் பற்றிப் பாடம் நடத்தினார். சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். பாடம் எனக்கில்லை, என் தம்பிக்கு. அவனை இடுப்பில் தூக்கிப் போய் விட்டு, வாசலில் உட்கார்ந்திருப்பது என் வேலை. மதியச் சோறு மிஞ்சினால் எனக்கும் ஒரு கரண்டி விழும். மிஞ்சாத நாளிலும் எப்படியோ விழும்.

ஒருநாள் டீச்சரம்மா கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு குழி தோண்டினார்.

"மக்குறது இதுல, மக்காதது அதுல. ஆளுக்கு ஒரு சாமான் எடுத்தாங்க. ரெண்டு மாசம் கயிச்சி தோண்டிப் பாக்கலாம். மண்ணு எத துன்னுது, எத துப்புதுன்னு உங்களுக்கே தெரியும்."

ஊருக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

"நம்ம எருவ வாரிக்கினு போவத்தான் வந்துகீறா" என்றார் பெரியப்பா.

"எருவா? வூட்டுக்கு ஒரு சாமான் வாங்கிப் பொதைக்கிறாளே, அது இன்னாத்துக்கு?" என்றாள் அம்மா. "ஒரு துரும்பு குடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, வயிற்றுப் பிள்ளையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். முதல் கரு தங்கவில்லை. இதையாவது காப்பாற்ற வேண்டுமென்று அழைத்து வந்திருந்தார்கள். அவள் தலைவாரி உதிரும் முடியைக்கூட அம்மாவே சுருட்டி அடுப்பில் போடுவாள். ஒற்றை முடி வெளியே போனாலும் செய்வினை வைத்துவிடுவார்களாம்.

தம்பிக்குக் கொண்டுபோக ஒன்றுமில்லை. எல்லாக் குழந்தைகளும் ஏதோ புதைக்க, இவன் மட்டும் அழுதான். நான் பல் போன ஒரு பிளாஸ்டிக் சீப்பை எடுத்துப்போனேன். அத்தையுடையது.

டீச்சரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். "இதுல முடி கீதே? முடிய எடுத்துட்டு, அம்மாவக் கேட்டுட்டு எடுத்தாம்மா."

வீடுவரை யார் போவது? வேப்பமரத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். முடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "கேட்டுட்டேன் டீச்சர்" என்றேன். தம்பி புதைத்து மண் தள்ளினான். வீட்டில் சீப்பைத் தேடினார்கள். காக்கா தூக்கிப்போயிருக்கும் என்றேன். காக்காயும் மறுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அத்தைக்கு வயிறு வலித்தது. எட்டாம் மாதம். அம்மா தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தம்பி வந்து, "அத்த சீப்பு பால்வாடி குழில கீது. நான்தான் மண்ணு போட்டேன்" என்றான், பெருமையாக.

அம்மா மண்வெட்டியோடு கிளம்பினாள். பின்னால் நாலைந்து பெண்கள், தம்பியோடு நானும். தோண்டத் தோண்ட, முடி சுற்றியபடி வந்தது சீப்பு. விஷயம் தெரியாமல் ஓடிவந்த டீச்சரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தாய்மார்களே பாடம் கேட்க வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார் பாவம்.

"பாத்தீங்களாம்மா! ரெண்டு மாசமாயும் அப்டியே கீது! நூறு வருசம் ஆனாலும் இது போவாது!"

"நூறு வருசமா? அடிப்பாவி, எங்க வம்சத்துக்கேவாடி வெச்ச?"

டீச்சரம்மாவின் சிரிப்பு நின்றது. அப்போதுதான் அவருக்கு முடி கண்ணில் பட்டது.

"யாரு எடுத்தாந்து குடுத்தது? சொல்லு!" என்றாள் அம்மா.

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். அம்மா கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க. உங்க வூட்டாண்ட கெடந்துது. நான்தான் எடுத்தாந்தேன்."

அத்தைக்கு ஓமக் கஷாயத்தில் வலி அடங்கியது. அடுத்த மாதம் பெண் குழந்தை, நல்ல சுகப்பிரசவம். தோண்டி எடுத்ததால்தான் என்று அம்மா கடைசிவரை சொன்னாள். டீச்சரம்மாவை அன்று மாலை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்கள். பிறகு அவர் வரவேயில்லை.

அன்று எனக்கு ஒரே ஆச்சரியம். சீப்பைக் கொடுத்தது நான். கையில் வாங்கியது அவர். அதற்குள் மறந்துபோயிற்றே! இவ்வளவு மறதிக்காரம்மாவை யார் டீச்சராகப் போட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.