கண்ணைப் பிடுங்கிக் காத்த நிலம்

ஏனோக்கு பர்டம் தன் இரண்டு கட்டைவிரல் நகங்களையும் பிள்ளைபோல வளர்த்தான். மெழுகுவத்திச் சுடரில் வாட்டி இறுக்கி, பன்றிக்கொழுப்பு தடவி வைத்திருந்தான். அமெரிக்காவின் கென்டக்கியில், கிரீன் ஆற்றுக்குத் தெற்கே, இருநூறு வருஷம் முன்பு முக்கால்வாசி ஆண்பிள்ளைகள் அப்படித்தான். கோர்ட்டு வந்து சேராத காடு. இரண்டு பேருக்குத் தகராறு என்றால் ஊர் சுற்றி நின்று வட்டம் கட்டும். ஒருவன் "போதும்" என்று கத்தும்வரை கடியும் உதையும் கண்ணைத் தோண்டுவதும் நடக்கும். கத்தியவன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். கேடுகெட்ட வழக்கம்தான். அவர்களிடம் சொன்னால், இதைவிடச் சீக்கிரம் தீரும் வழக்கு உண்டா என்று நம்மையே கேட்பார்கள்.

ஏனோக்கு, மனைவி திர்சாளோடு கரோலினாவிலிருந்து மலை தாண்டி வந்தவன். மரங்களில் கோடாலியால் அடையாளம் வெட்டி, இவ்வளவும் என்னுது என்று சொல்லிக்கொண்டான். குடிசைக்குச் சுவர்க்கட்டை தூக்கிக் கொடுத்தவன் அடுத்த காட்டுக்காரன் அப்சலோம் ட்ரெட்வே. சுற்றுவட்டாரத்தில் வேறு ஈ காக்காய் கிடையாது. இருவருக்கும் நடுவில் ஒரு ஊற்று. மழை தவறாமல் பெய்தவரை அது இருவருக்கும் பொது. ஒரு கோடையில் வானம் பொய்த்தது, அப்சலோமின் பன்றிகள் ஊற்றில் இறங்கிச் சேறாக்கின. ஏனோக்கு ஒன்றைச் சுட்டுத் தள்ளினான்.

அரை நாள் நடைதூரத்தில் இருந்த சாராயம் காய்ச்சும் கொட்டகை வாசலில் ஊரார் வட்டம் கட்டினார்கள்.

"பன்னியச் சுட்ட கைதானே அது? வா, ஒடிச்சு அனுப்புறேன்!" என்றான் அப்சலோம்.

"உன் பன்னிக்கு உன்னைவிட அறிவு அதிகம்டா. ஒரே குண்டுல அடங்கிருச்சு."

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் இருவரும் மண்ணில் புரண்டார்கள். அப்சலோம் அவன் காதுமடலைக் கடித்துத் துப்பினான். ஏனோக்கு அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, வலது கட்டைவிரலை இடது கண்ணின் ஓரத்தில் நுழைத்தான்.

"போதும்! போதும்டா, பாவி!"

அந்தச் சத்தம் ஏனோக்கின் காதில் தெளிவாக விழுந்தது. விரலை அவன் எடுக்கவில்லை. கண் வெளியே வந்த பிறகுதான் எழுந்தான். அப்சலோம் ஆற்றைக் கடந்து போய்விட்டான். ஊற்றும் இரண்டு காடும் ஏனோக்குக்கு ஆயின. இரண்டு அறுவடை மகாராஜாவாக இருந்தான்.

அப்புறம் அரசாங்கம் வந்தது. பலகைக் கொட்டகையில் கோர்ட்டு, பொடிபோடும் நீதிபதி, புதுச் சட்டம். முன்பே குடியேறி உழுதவனுக்குத் தலைக்கு இருநூறு ஏக்கர். அவன் உழுததைப் பார்த்த அக்கம்பக்கத்துக்காரன் ஒருவன் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால் நிலம் ஏலத்துக்குப் போகும். லெக்சிங்டன் நகரத்துக் கனவான் ஒருவர் நில அளவைக்காரனோடு அந்த ஊற்றை ஏற்கெனவே சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"நீ உழுததை யாருய்யா பாத்தது?" என்றார் நீதிபதி.

"என் பொண்டாட்டி."

"பொண்டாட்டி சாட்சி செல்லாது. வேற?"

ஏனோக்கு தொண்டையைக் கனைத்தான். "அப்சலோம் ட்ரெட்வேன்னு ஒருத்தன்..."

கொட்டகையே சிரித்தது. கண்ணைத் தோண்டிய கதை நீதிபதிக்கும் எட்டியிருந்தது, ஆனால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அடப்பாவிகளா! ஒருத்தனுக்கு ஒருத்தன் சத்தியம் பண்ணிருந்தா ஆளுக்கு இருநூறு கிடைச்சிருக்குமே! போ, கூட்டிட்டு வா."

அன்றிரவு திர்சாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "மூணு புள்ளைகள இந்த மண்ணுல பொதைச்சிருக்கேன்யா. இதை விட்டுட்டு என்னால வர முடியாது. அவன் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வா."

அக்கரையில் அப்சலோம் விறகு பிளந்துகொண்டிருந்தான். இடது கண்ணை மான்தோல் பட்டை மறைத்திருந்தது. ஏனோக்கு பேசப் பேசக் கோடாலியை நிறுத்தாமல் கேட்டான்.

"சத்தியம் பண்றேன்," என்றான் கடைசியில். "பார்த்தது பார்த்ததுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் போதும்னு கத்துனது உனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு."

"அப்ப அந்த விரலைக் கட்டை மேல வை."

ஏனோக்கு ஆற்றைத் திரும்பிப் பார்த்தான். ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தான். பிறகு வலது கையை விறகுக் கட்டையில் விரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்சலோம் ஒரே போடு போட்டான். துண்டான விரல் விழுந்த இடத்தில் அவனுடைய பன்றி ஒன்று வந்து முகர்ந்தது. அப்சலோமே தன் சட்டைக் கையைக் கிழித்துக் காயத்தைக் கட்டிவிட்டு, "நட, கோர்ட்டுக்குப் போவோம்," என்றான்.

சொன்ன சொல் தவறவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். இருநூறு ஏக்கரும் ஏனோக்கின் பேரில் பதிவானது. வெளியே வந்ததும், "இனி நமக்குள்ள ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு ஆற்றுப்பக்கம் நடந்தான்.

காயம் ஆறியது. ஏனோக்கு கோடாலியோடு காட்டுக்குள் போனான். இருநூறு ஏக்கரில் உழுதது பத்துக்கூடத் தேறாது. மீதியெல்லாம் வெட்ட வேண்டிய ஓக்கு மரம். ஓங்கிய முதல் வெட்டிலேயே காம்பு கையை விட்டு நழுவி, கோடாலி புதருக்குள் போய் விழுந்தது. எடுத்து வந்து மறுபடி ஓங்கினான். மறுபடியும் பறந்தது. கட்டைவிரல் இல்லாத கையில் காம்பு நிற்கவே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

பின்னாலேயே வந்திருந்த திர்சாள் புதருக்குள் போய்க் கோடாலியை எடுத்துவந்தாள்.

"எந்திரிய்யா," என்றாள். "மரம் உன் மேல விழப்போகுது."

பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தாள்.